பலகையில் ஒட்ட ஒரு சொல்

இரவு ஒன்பதரைக்கு மெயில் வந்தது.
காலை ஷிஃப்டுக்கு முன்னால்
கேட் பக்கத்துப் பலகையில் ஒட்டியாக வேண்டும்.
'தமிழ்ல போட்டுருங்க மேடம்,
யாரும் பயப்படாத மாதிரி' என்றார் ஃபயாஸ் சார்.
பேரணாம்பட்டில் நாங்கள் தைப்பது
ஷூவின் மேல்பாகம் மட்டும்.
அடிப்பாகம் வேறு ஏதோ நாட்டில்.

ரிசஷன்.
மூன்று பத்தியில் ஐந்து இடத்தில் இருந்தது.

மந்தம் என்று முதலில் அடித்தேன்.
வயிற்று மந்தம் போலத் தெரிந்தது,
ஓமத்தண்ணீர் குடித்தால் விடிவதற்குள் சரியாகிவிடும்.
அகராதியில் அதற்கு அடுத்த வரியில்
மந்தன் உட்கார்ந்திருந்தான், சனி.
ஏழரை வருஷமா என்று கேட்பார்கள்.
அழித்தேன்.

பின்னடைவு என்றால்
எங்கேயோ ஓட்டு எண்ணுகிறார்கள்,
அடுத்த சுற்றில் முந்திவிடலாம்.
சரிவு என்றால்
பத்தலபல்லி மலைப்பாதையில் கவிழ்ந்த லாரி.
வற்றல் என்று அடித்துப் பார்த்து
நானே சிரித்துவிட்டேன்,
பதினொன்றரை மணிக்கு, தனியாக, ஏசி ஓடாத அறையில்.

செல்போனில் தேடினால் அது லத்தீனாம்.
பின்னால் நட.
அவ்வளவுதான் அர்த்தம்.
விழுவது இல்லை அதில், அடிபடுவது இல்லை.
ஆராதனை முடிந்து பாதிரியார்
பீடத்திலிருந்து வாசலுக்குப் போவதும்
அந்தச் சொல்லின் பங்காளிதானாம்.
பாட்டோடு போவார்கள்.

வேலூரில் பல் டாக்டர்
கண்ணாடியைப் பிடித்துக் காட்டி
இதே சொல்லைத்தான் சொன்னார் போன மாசம்.
'பல்லு நீளமாகல, ஈறு இறங்கியிருக்கு.
இது திரும்ப வளராது.'
ஈறு என்றால் முடிவும்தானே
என்று நினைத்துக்கொண்டே
எச்சில் துப்பினேன்.

என் வீட்டுக்காரருக்கு நெற்றி ஏறுகிறது.
தமிழில் அது ஏறுகிறது.
இங்கிலீஷில் முடி பின்னால் போகிறது.
இரண்டு மொழியிலும் அவர் தொப்பி வாங்கிவிட்டார்.

மலட்டாறு
பெயருக்குத் துரோகம் செய்து ஊருக்குள் வந்த கார்த்திகையில்
தார்ப்பாய்க் கிடங்கின் மாடியில் நின்றபடி
வடியணும் வடியணும் என்று கும்பிட்டோமே,
அதுவும் இதுதான்.
அன்றைக்கு இது வந்தபோது
சர்க்கரை கொடுத்தார்கள்.

பின்வாங்கல்.
இதில்தான் கை நின்றது.
வாங்கு என்ற வினையை இங்கே நாள்பூரா கேட்கிறேன்.
அட்வான்ஸ் வாங்கு, திட்டு வாங்கு,
மாடிப்படியில் மூச்சு வாங்கு.
வாங்குகிறவர்கள் வாங்காமல் பின்வாங்கினார்கள்
என்று எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்தேன்.
கையை நீட்டவும் அதுவே,
மடக்கிக்கொள்ளவும் அதுவே.
எங்கள் வினைச்சொல்லுக்கு வெட்கமே கிடையாது.

கடைசியில் ரிசஷன் என்றே விட்டேன்.
நகலெடுத்து நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டினேன்.
கீழே நூற்றுப் பதினெட்டுப் பெயர்,
அகர வரிசையில்.
அதற்கு மட்டும் எந்த அகராதியும் தேவைப்படவில்லை.

காலையில் ஃபயாஸ் சார் நாற்காலி மேல் ஏறிப் பேசினார்.
நல்ல மனுஷன், குரல் உடைந்தது.
'பயப்படாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.
தையல் முடியிற இடத்துல
ரெண்டு குத்து பின்னால போவோம் இல்ல?
பிரியாம இருக்கறதுக்காக. அந்த மாதிரி.'

நாலாவது வரிசையிலிருந்து தில்ஷாத் சொன்னாள்,
கோபமில்லாமல், வேலையைத் திருத்துகிற மாதிரி:
'பின்குத்து போட்டதும் நூலை வெட்டிருவோம் சார்.'

மதியம் வரை ஸ்டோர் முன்னால் வரிசை.
ஏப்ரன், அடையாள அட்டை,
கழுத்துக் கயிற்றோடு நூல்வெட்டி.
ஒவ்வொருவருக்கும் ரசீது நான்தான் எழுதினேன்.
தில்ஷாத்தின் நூல்வெட்டியில்
கருப்பு நூல் ஒன்று சிக்கி இருந்தது,
எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள்.
பரவாயில்லை என்று சொல்லிவிட்டு
வாங்கியவர் என்று அச்சடித்திருந்த இடத்தில்
கையெழுத்துப் போட்டேன்.